ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியும் தமிழ் இடைமுகமும் – ஒரு திறனாய்வு

ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி என்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உருவாக்கப்படும் இணைய இடைமுகங்களின் கூறுகளைச் சோதிக்க உதவும் திறமூல நிரலகம் ஆகும். கென்ட் சி. டாட்ஸ் என்னும் அமெரிக்க நிரலர் இதை 2018ஆம் ஆண்டு வெளியிட்டார். எம்ஐடி உரிமத்தின்கீழ் கிடைப்பதால் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். முதலில் ரியாக்ட் நிரலகத்துக்காக எழுதப்பட்ட இதன் மையப் பகுதி பின்னர் டாம் டெஸ்டிங் லைப்ரரி எனத் தனியாகப் பிரிக்கப்பட்டது. வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் ஆகியவற்றுக்கான வடிவங்கள் அதன்மேல் எழுந்தன.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வரை பொறியியல் கல்லூரிகள் நிறைந்துள்ளன. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த மெப்ஸ் வளாகத்திலும், பழைய மாமல்லபுரம் சாலையிலும் மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன. இங்கே இணைய இடைமுகப் பணிக்குச் செல்லும் மாணவர் இந்த நிரலகத்தை எதிர்கொள்ளாமல் இருப்பது அரிது. இதைப் பயன்படுத்தும் முறைக்குக் கையேடுகள் பல உள்ளன. இக்கட்டுரை அதன் தகுதியைத் தமிழ் இடைமுகத்தை முன்வைத்து ஆராய்கிறது. இதன் கொள்கை சரியானது. ஆனால் திரையில் உள்ள எழுத்து தமிழாக இருக்கும்போது அக்கொள்கையை இந்த நிரலகத்தால் முழுமையாகக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குறையை அறியாத மாணவர், தமிழ் இடைமுகத்தைச் சோதிப்பதையே கைவிட்டுவிடும் ஆபத்து உண்டு.

அலகுச் சோதனை என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் சிறு பகுதியைத் தனியே எடுத்து, அது எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று மற்றொரு நிரலைக் கொண்டு பார்ப்பது அலகுச் சோதனை. மாணவர் ஒருவர் தெருவிளக்குப் புகார் அளிக்கும் படிவத்தைப் பயிற்சிக்காக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெயர், தொலைபேசி எண், மின்கம்ப எண் ஆகியவற்றுக்கான பெட்டிகளும், ‘கோரிக்கை அனுப்பு’ என்ற பொத்தானும் உள்ளன. தொலைபேசி எண்ணை நிரப்பாமல் பொத்தானை அழுத்தினால் எச்சரிக்கை தோன்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நன்றிச் செய்தி தோன்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இவற்றைக் கையால் சரிபார்ப்பது சலிப்பூட்டும் வேலை. சோதனை நிரல் இதைச் சில நொடிகளில் செய்து முடிக்கும்.

சோதனைகளை இயக்கும் பணியை ஜெஸ்ட் அல்லது விட்டெஸ்ட் செய்கிறது. ஜெஸ்ட் ஃபேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2022இல் ஓப்பன் ஜேஎஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. உண்மையான உலாவிக்குப் பதிலாக ஜேஎஸ்டாம் என்ற போலி உலாவிச் சூழல் பெரும்பாலும் பயன்படுகிறது. அந்தச் சூழலில் கூறினை வரைந்து, அதிலுள்ள உறுப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றை இயக்கிப் பார்ப்பதே ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியின் வேலை.

முன்னிருந்த முறையும் வந்த மாற்றமும்

இதற்கு முன் பரவலாக இருந்தது என்சைம். ஏர்பிஎன்பி நிறுவனம் அதை 2015இல் வெளியிட்டது. என்சைம் கொண்டு ஒரு கூறின் உள்நிலையை நேரடியாகப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். உள்ளிருக்கும் துணைக்கூறுகளை வரையாமல் மேலோட்டமாக மட்டும் வரைந்து பார்க்கும் வசதியும் அதில் இருந்தது.

அந்த வசதியே பின்னர் சுமையாயிற்று. படிவத்தின் உள்ளே ஒரு மாறியின் பெயரை மாற்றினால் போதும், பயனருக்கு எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும் சோதனை தோல்வி அடையும். மாறாக, உள்நிலை சரியாக இருந்து, பொத்தான் அதனோடு இணைக்கப்படாமல் போயிருந்தாலும் சோதனை வெற்றி பெறும். 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 பதிப்பு ஹூக்ஸ் முறையைக் கொண்டுவந்தபோது, மேலோட்டமாக வரையும் முறையில் அதன் சில பகுதிகள் இயங்கவில்லை. ரியாக்ட் 17க்கான அதிகாரபூர்வ இணைப்பான் என்சைமுக்கு வெளிவரவே இல்லை. ரியாக்ட் 19 பதிப்பில், ரியாக்ட் குழு தன்னுடைய பழைய சோதனை வரைவியையே வழக்கொழிந்ததாக அறிவித்து, டெஸ்டிங் லைப்ரரிக்கு மாறுமாறு பரிந்துரைத்தது.

டாட்ஸ் முன்வைத்த கொள்கை எளிமையானது. மென்பொருளைப் பயனர் எப்படிப் பயன்படுத்துவாரோ, சோதனையும் அதை ஒத்திருக்க வேண்டும். அப்போதுதான் சோதனையின் முடிவை நம்பலாம். பயனருக்கு மாறியின் பெயர் தெரியாது. அவர் பார்ப்பது பொத்தானையும் அதன்மேல் எழுதியிருப்பதையும்தான். ஆகவே சோதனையும் அவற்றைக் கொண்டே உறுப்பைத் தேட வேண்டும்.

தேடும் முறைகள்

நிரலகம் தரும் தேடல் முறைகளுக்கு ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. முதலில் வருவது உறுப்பின் பங்கையும் பெயரையும் கொண்டு தேடும் ‘கெட் பை ரோல்’. ‘பொத்தான் என்ற பங்கும், கோரிக்கை அனுப்பு என்ற பெயரும் கொண்ட உறுப்பு’ என்று கேட்பதற்கு இது ஒப்பானது. அடுத்து, பெட்டிக்கு மேலுள்ள விவரச்சீட்டைக் கொண்டு தேடும் ‘கெட் பை லேபிள் டெக்ஸ்ட்’. பிறகு திரையில் தெரியும் சொல்லைக் கொண்டு தேடும் ‘கெட் பை டெக்ஸ்ட்’. வேறு வழியே இல்லாதபோது மட்டும், நிரலர் தாமே ஒட்டிவைத்த அடையாளத்தைக் கொண்டு தேடும் ‘கெட் பை டெஸ்ட் ஐடி’.

‘கெட்’ என்று தொடங்கும் தேடலுக்கு ஒரே ஓர் உறுப்புதான் கிடைக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும், ஒன்றுக்கு மேல் கிடைத்தாலும் அது பிழை தரும். ‘குவரி’ என்று தொடங்குவது, உறுப்பு இல்லை என்பதை உறுதிசெய்யப் பயன்படும். ‘ஃபைண்ட்’ என்று தொடங்குவது, உறுப்பு தோன்றும்வரை இயல்பாக 1000 மில்லி நொடிகள் காத்திருக்கும்.

பங்கையும் பெயரையும் முதலிடத்தில் வைத்தது இந்த நிரலகத்தின் மிகச் சிறந்த முடிவு. திரைவாசிப்பான் ஒரு பக்கத்தைப் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டுவதும் இதே பங்கையும் பெயரையும் கொண்டுதான். பொத்தானைப் போலத் தோற்றம் மட்டும் கொண்ட வெறும் பெட்டியை வைத்தால், ‘கெட் பை ரோல்’ அதைப் பொத்தானாக ஏற்காது. மாணவர் தமது சோதனையை வெற்றிபெறச் செய்ய முயலும்போதே, பார்வையற்றவருக்கும் பயன்படும் பக்கத்தை எழுதக் கற்றுக்கொள்கிறார். தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வகையில் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் உள்ளது.

ஏற்புடைமை என்ற அளவுகோல்

கல்வியியலில் ஒரு தேர்வை மதிப்பிட ஏற்புடைமை, நம்பகத்தன்மை என்ற இரு அளவுகோல்களைக் கற்பிப்பார்கள். எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒரே முடிவு வருகிறதா என்பது நம்பகத்தன்மை. வரலாற்றுத் தேர்வில் கையெழுத்தின் அழகுக்கு மதிப்பெண் கொடுத்தால், எத்தனை முறை திருத்தினாலும் அதே மதிப்பெண் வரக்கூடும். ஆயினும் அது வரலாற்று அறிவை அளக்கவில்லை. என்சைமின் உள்நிலைச் சோதனைகள் இத்தகையவை. அவற்றின் முடிவு மாறாமல் வந்தது, ஆனால் பயனரின் அனுபவத்தைப் பற்றி அது அதிகம் சொல்லவில்லை.

கணக்குத் தேர்வில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டே என்று கேட்கலாம். அங்கே நாம் அளப்பது மாணவரின் சிந்தனையை. படிவத்தைப் பயன்படுத்துபவருக்கு நிரலரின் வழிமுறை தேவையில்லை, விடை மட்டுமே தேவை. ஆகவே வழிமுறையை நிரலர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள விடுவதே சரி. இந்த வகையில் ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி சோதனையின் ஏற்புடைமையை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை. அந்த ஏற்புடைமை தமிழ்ப் படிவத்துக்கும் அதே அளவில் கிடைக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

ஒரே சொல், இரு குறியெண் வரிசைகள்

‘தொலைபேசி’ என்ற சொல்லில் தமிழ் கற்ற எவரும் நான்கு எழுத்துகளைக் காண்பர்: தொ, லை, பே, சி. கணினி அப்படிக் காண்பதில்லை. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலிருந்தே தமிழ் இடம்பெற்றுள்ளது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறையைப் பின்பற்றி அமைந்த அதில் அகர உயிர்மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. தகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறியெண்களாக இடலாம். திரையில் இரண்டும் ‘தொ’ என்றே தெரியும். முதல் வகையில் ‘தொலைபேசி’ 8 குறியெண்கள் கொண்டது, இரண்டாம் வகையில் 9.

விவரச்சீட்டில் உள்ள சொல் ஒரு வகையிலும், சோதனையில் எழுதிய சொல் மற்றொரு வகையிலும் இருந்தால் ‘கெட் பை லேபிள் டெக்ஸ்ட்’ உறுப்பைக் காணவில்லை என்று பிழை தரும். சோதனையை ஒரு விசைப்பலகையிலும், படிவத்தின் சொற்களை மற்றொரு மென்பொருளிலும் தட்டச்சு செய்தால் இது நேரலாம். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய ஆவணத்திலிருந்து சொல்லை ஒட்டினாலும் நேரலாம். ‘கோரிக்கை’ என்ற சொல்லின் முதல் எழுத்துக்கும் இதே நிலைதான்.

சோதனை தோற்பது தவறா? இரு பக்கமும் வாதம் உண்டு. இரு சொற்களும் தரவுத்தளத்தில் வெவ்வேறாகப் பதிவானால், பின்னர் தேடும்போது புகார் கிடைக்காமல் போகும். ஆகவே தோல்வி ஒரு நல்ல எச்சரிக்கையாகவும் அமையலாம். ஆனால் இந்த நிரலகத்தின் கொள்கை, பயனர் காண்பதைச் சோதனையும் காண வேண்டும் என்பது. பயனர் கண்ணுக்கு அவை ஒரே சொல். இதைவிடப் பெரிய குறை பிழைச்செய்தியில் இருக்கிறது. ‘தொலைபேசி எண்’ என்ற விவரச்சீட்டைக் காணவில்லை என்று அச்சிட்டுவிட்டு, கீழே ‘தொலைபேசி எண்’ என்ற விவரச்சீட்டோடு கூடிய பக்கத்தின் முழு வடிவையும் அது காட்டும். முதன்முதலாகச் சோதனை எழுதும் மாணவர் இரண்டு வரிகளையும் மாறிமாறிப் பார்ப்பார். எங்கே வேறுபாடு என்பதற்கு எந்தக் குறிப்பும் அதில் இருக்காது.

அதன்பின் அவர் செய்யக்கூடியது இரண்டு. படிவத்தையே ஆங்கிலத்தில் வைத்துச் சோதிப்பது ஒன்று, டெஸ்ட் ஐடி ஒட்டிவிடுவது மற்றொன்று. இரண்டிலும் சோதனை வெற்றி பெறும். ஆனால் தமிழ்ப் படிவம் சோதிக்கப்படவில்லை. நிரலகம் கடைசி வழியாக வைத்திருந்ததைத் தமிழ் நிரலர் முதல் வழியாக எடுக்கும்படி ஆகிறது.

எழுத்தில் பாதி கிடைப்பது

முழுச் சொல்லுக்குப் பதிலாகச் சொல்லின் ஒரு பகுதியைக் கொண்டு தேடவும் இந்த நிரலகம் அனுமதிக்கிறது. தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. ‘ட்’ என்பதை இலக்கணம் மெய்யெழுத்து என்கிறது, மெய்யோடு அகரம் சேர்ந்தால் ‘ட’ ஆகும். ஒருங்குறியில் நிலைமை தலைகீழ்: ‘ட’வோடு புள்ளி சேர்ந்தால் ‘ட்’. ஆகவே ‘பட’ என்று தேடினால் ‘படம்’ மட்டுமல்லாமல் ‘பட்டியல்’ என்பதும் அகப்படும். ஒன்றுக்கு மேல் கிடைத்ததால் சோதனை பிழை தரும்.

சொல்லின் எல்லையைக் குறிக்கத் தேடுகோவையில் பயன்படும் ‘பி’ குறியும் உதவாது. ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. அதற்குத் தமிழ் எழுத்துகள் எழுத்துகளே அல்ல. இது ஜாவாஸ்கிரிப்டின் குறை, டெஸ்டிங் லைப்ரரியின் குறை அன்று. ஆனால் ஆங்கில எடுத்துக்காட்டைப் பார்த்து அப்படியே எழுதும் மாணவருக்கு அந்த வேறுபாடு தெரிய வாய்ப்பில்லை.

பெயர்ப் பெட்டியின் நீள வரம்பும் இதே வகையைச் சேர்ந்தது. ‘தமிழ்ச்செல்வி’ நமக்கு 7 எழுத்துகள், கணினிக்கு 13. வரம்பை 10 என்று வைத்தால் பெயர் நடுவில் அறுபடும். இந்தப் பிழையைச் சோதனை கண்டுபிடிக்கும், ஆனால் சோதனையில் தமிழ்ப் பெயரைத் தட்டச்சு செய்தால்தான். பயிற்சி எடுத்துக்காட்டுகளில் உள்ள ‘ஜான்’ என்ற ஆங்கிலப் பெயரோடு நின்றுவிட்டால் பிழை மறைந்தே இருக்கும்.

காணாத கண்

ஜேஎஸ்டாம் சூழலில் பக்கம் உண்மையில் வரையப்படுவதில்லை. எந்த உறுப்பின் அகலத்தையும் உயரத்தையும் கேட்டாலும் 0 என்றே விடை வரும். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்ற 6 எழுத்துச் சொல் அடங்கிய பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால், கைபேசித் திரையில் சொல் வெளியே வழியலாம், பாதி மறையலாம். எழுத்துரு கிடைக்காமல் வெறும் கட்டங்களாகவும் தெரியலாம். ‘டு பி விசிபிள்’ என்று சரிபார்த்தாலும் இவை வெளிப்படா. அது உறுப்பு மறைத்துவைக்கப்பட்டதா என்று பார்க்கிறதே தவிர, சொல் பெட்டிக்குள் அடங்கியதா என்று பார்ப்பதில்லை.

திரைவாசிப்பானின் கோணத்திலும் ஓர் இடைவெளி உண்டு. பக்கம் தமிழில் உள்ளது என்பதை ‘லாங்’ என்ற பண்பில் குறிப்பிட வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளில் அடிப்படை நிலையிலேயே உள்ள விதி. அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழ் உரையை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கக்கூடும். ‘கெட் பை ரோல்’ பங்கையும் பெயரையும் பார்க்கும், மொழியைப் பார்க்காது. பார்வைக்குத் தமிழில் உள்ள பொத்தானுக்கு மறைவான பெயர் ஆங்கிலத்தில் வைக்கப்பட்டிருந்தாலும், அந்த ஆங்கிலப் பெயரைக் கேட்டால் சோதனை வெற்றி பெற்றுவிடும். பயனரின் இடத்தில் நின்று சோதிக்கிறோம் என்னும் கருவி, அந்தப் பயனர் எந்த மொழியைக் கேட்கிறார் என்று விசாரிப்பதில்லை.

மொழிபெயர்ப்பைப் போலிசெய்யும் பழக்கம்

பல மொழிகளில் இயங்கும் பக்கங்கள் ஐ18நெக்ஸ்ட் போன்ற நிரலகங்களைப் பயன்படுத்துகின்றன. சோதனையின்போது மொழிபெயர்ப்புப் பகுதியைப் போலியாக்கி, மொழிபெயர்த்த சொல்லுக்குப் பதில் அதன் திறவுச்சொல்லையே திருப்பித் தரும்படி அமைப்பது பரவலான வழக்கம். வேலை எளிதாகும் என்பது உண்மை. ஆனால் இப்படிச் செய்தால் ஒரு தமிழ்ச் சொல்கூடச் சோதனைக்குள் நுழையாது. தமிழ்க் கோப்பில் ஒரு வரி விடுபட்டிருந்தாலும், திரையில் நடுவில் ஆங்கிலம் தலைகாட்டினாலும் தெரியாது. இதற்கு நிரலகத்தைக் குறைசொல்ல முடியாது. உண்மையான மொழிக் கோப்பையே வைத்துச் சோதிக்க அது தடை ஏதும் விதிக்கவில்லை. வினாத்தாளிலிருந்து ஒரு பாடத்தை விட்டுவிட்டால் மாணவர் அதைப் படிக்கமாட்டார் என்பது எல்லா ஆசிரியர்களும் அறிந்தது. நிரலர்களின் நிலையும் அதுவே.

மாணவர் செய்யக்கூடியவை

இக்குறைகளில் சிலவற்றை இன்றே சரிசெய்யலாம். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் ‘நார்மலைஸ்’ என்ற வசதி உள்ளது. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக அது மாற்றித் தரும். டெஸ்டிங் லைப்ரரியின் சொல் தேடல்கள் இயல்பாக முன்பின் இடைவெளிகளை நீக்கி, இடையில் அடுத்தடுத்து வரும் இடைவெளிகளை ஒன்றாக்குவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ‘நார்மலைசர்’ என்ற விருப்பத்தின் வழியாக நம்முடைய விதியையும் சேர்க்க இடம் உண்டு. அது பக்கத்திலுள்ள சொல்லை மட்டுமே சீராக்கும். சோதனையில் நாம் எழுதும் சொல்லையும் தனியே சீராக்கிக்கொள்ள வேண்டும். ‘கெட் பை ரோல்’ தேடலில் பெயரின் இடத்தில் சொல்லுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து, அதற்குள் இரு பக்கத்தையும் சீராக்கி ஒப்பிடலாம். ஒரு முறை எழுதிவைத்தால் எல்லாச் சோதனைகளிலும் பயன்படும்.

சீராக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது. ‘கௌரி’ என்ற பெயரின் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ‘ள’ என்ற எழுத்தையும் இட்டு ‘கெளரி’ என்று எழுதுவோர் பலர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் ஒருங்குறியின் விதிப்படி அவை வெவ்வேறு சொற்கள். இது எழுத்துப் பிழை, இதை எழுதுபவர்தான் திருத்த வேண்டும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ் 16 முறையையும் 2010இல் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் இணையத்தில் நிலைபெற்றது ஒருங்குறிதான். ஆகவே அதன் இயல்பை அறிந்துகொள்வது தமிழில் நிரல் எழுதுவோர் ஒவ்வொருவருக்கும் கடமை.

சொல் பெட்டியை மீறி வழிகிறதா என்பதைப் பார்க்க ப்ளேரைட் போன்ற கருவியால் உண்மையான உலாவியை இயக்கிச் சில சோதனைகளாவது எழுத வேண்டும். மொழிப் பண்பு சரியாக உள்ளதா என்பதை ஒரே வரியில் சரிபார்க்கலாம். சோதனைத் தரவில் தமிழ்ச்செல்வி, கௌரி, கோமதி போன்ற பெயர்களை வைப்பதற்குச் செலவே இல்லை.

மதிப்பீடு

ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி இன்று கிடைக்கும் கருவிகளில் கற்கத் தகுந்தது. நிரலரின் பார்வையிலிருந்து பயனரின் பார்வைக்குச் சோதனையை நகர்த்தியது அதன் நிலையான பங்களிப்பு. தன் சொந்தக் கொள்கைக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால், அது இரண்டு சிறு மாற்றங்களைச் செய்யலாம். சொற்களை ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒருங்குறி விதிப்படி சீராக்கலாம். அதை விரும்பாவிட்டால், பார்வைக்கு ஒன்றாகவும் குறியெண்ணில் வேறாகவும் உள்ள சொல் பக்கத்தில் இருப்பதைப் பிழைச்செய்தியிலாவது சொல்லலாம். தமிழோடு, உயிர்க்குறியைப் பிரித்து எழுத இடமுள்ள வங்காளம், மலையாளம் போன்ற மொழிகளுக்கும் அது பயன்படும். திறமூல நிரலகம் என்பதால் இந்தத் திருத்தத்தை எழுதி அனுப்ப எவருக்கும் உரிமை உண்டு. தென்சென்னைக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டுச் செயல்திட்டம் தேடும் மாணவர் குழுவுக்கு இது கைக்கு எட்டும் வேலை.

அதுவரை, சோதனைகள் எல்லாம் வெற்றி என்று பச்சை நிறத்தில் வரும் செய்தியைத் தமிழ்ப் படிவத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முன், அச்சோதனைகளில் தமிழ் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.